ஆளை உதைத்தவனுக்கு என்ன தண்டனை?



திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர வீடுகளுக்குள் விழவில்லை. பாறசாலைச் சந்தையில் மலையாளத்தில் தொடங்கிய பேரம் தமிழில் முடிவதை இன்றும் கேட்கலாம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இருபுறமும் உண்டு.

கால்பந்தும் அவ்வாறே எல்லை அறியாதது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் கடலை ஒட்டியிருக்கிறது பொழியூர். சந்தோஷ் டிராபிப் போட்டிக்குப் பல ஆட்டக்காரர்களை அனுப்பிய காரணத்தால் ‘சந்தோஷ் டிராபி கிராமம்’ என்றே அந்த மீனவர் ஊருக்குப் பெயர் வழங்குகிறது. 2018ஆம் ஆண்டு கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று கோப்பையைக் கொண்டுவந்த கேரள அணியிலும் பொழியூர்க்காரரான சீசன் ஆடினார். பொழியூரைத் தாண்டினால் நீரோடி, அது தமிழ்நாடு. அங்கிருந்து தூத்தூர், இரவிபுத்தன்துறை வரைக்கும் கடற்கரை மணலில் மாலைதோறும் பந்து உருளும். அந்தக் கரையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்றார்.

இந்த மண்ணில் நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுப் பொருளுக்கு வருகிறேன். ஊர்ப் பெயரும் சங்கங்களின் பெயரும் வேண்டா. சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் திடலில் பந்தயம் நடந்தது. எல்லைக்கு இப்பாலிருந்து எங்கள் அணி சென்றிருந்தது. அதன் செயலாளர் நான். ஆட்டம் முடிய இருபத்தைந்து நிமிடம் இருந்தபோது பந்து திடலின் மறுகோடியில் இருந்தது. எதிரணி இளைஞன் ஒருவன் கீழே விழுந்து எழ முயன்றுகொண்டிருந்தான். எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் ஓடிச் சென்று அவன் காலின்மேல் பூட்ஸோடு குதித்தான். எலும்பு முறிந்த ஓசை கயிற்றுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. நடுவர் சிவப்பு அட்டையை எடுத்தார். எங்கள் ஆள் தலையைக் குனியாமல் வெளியே வந்தான்.

ஏனடா என்று கேட்டேன். “பாண்டி என்றார்கள், அண்ணா” என்றான். அது உண்மைதான், நானும் கேட்டேன். தமிழரை இகழக் கேரளத்தில் அச்சொல் எவ்வாறு வழங்குகிறது என்பதை வெளிமாநிலங்களில் வாழும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வாழும் ஊரிலும் அப்படி ஒரு சொல் இருக்கும். ஆனால் இகழ்ந்தவன் வேறொருவன். கால் முறிந்து கிடந்தவனோ பாலராமபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குலத்தவர் அவன் முன்னோர். வீட்டிலே பேச்சு தமிழ். “ஐயோ, கால் போச்சே” என்று அவன் அலறியதும் தமிழிலேதான்.

முதலில் ஒரு வர்ம ஆசானிடம் தூக்கிச் சென்றார்கள். அவர் மூங்கில் பற்றை வைத்துக் கட்டி, இது என் கைக்கு அடங்காது என்று மருத்துவமனைக்கு அனுப்பினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. பத்து நாள் கழித்து நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தரையிலே குழி, குழிக்குள் மிதிகட்டைகள், மேலே தறி. தறியில் பாதி நெய்த கசவு வேட்டி ஒன்று நின்றிருந்தது. அவன் தந்தை என்னைத் திட்டவில்லை. “தம்பி, எங்கள் தொழிலில் பாதி காலில் இருக்கிறது” என்றார், அவ்வளவே. குழித்தறியைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். கை ஓடத்தை எறியக் கால் இழையைப் பிரிக்க வேண்டும். ஏறத்தாழ ஆறு மாதம் அந்தத் தறி ஓடவில்லை.

எங்கள் ஆள் அனுபவித்த தண்டனை இருபத்தைந்து நிமிடம். அடுத்த ஞாயிறு களியக்காவிளைக்கு இப்பால் வேறொரு கோப்பைக்கு ஆட்டம். அவனை ஆட விட்டோம். ஆட விட்டேன் என்று சொல்வதே சரி. தடுப்பதற்கு விதி எதுவும் இல்லை. அப்பந்தயத்தை நடத்தியவர்களுக்குச் சென்ற வாரச் செய்தி தெரியாது. எங்களிடம் அவனைவிடச் சிறந்த தடுப்பாட்டக்காரன் இல்லை. அன்று வெற்றியும் பெற்றோம்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கால்பந்து விதிகளில் பன்னிரண்டாவது விதி இதனை நன்றாகவே வகுத்திருக்கிறது. பந்துக்காகப் போட்டியிடும்போது அளவு கடந்த வன்மையைக் காட்டுவது ஒரு குற்றம். பந்துக்கான போட்டியே இல்லாதபோது எதிரியையோ, தன் அணியினனையோ, நடுவரையோ, பார்வையாளரையோ தாக்குவது, அல்லது தாக்க முயல்வது, மற்றொரு குற்றம். இதுவே வன்முறை நடத்தை. அடி பட்டதா, படவில்லையா என்று இங்கே விதி கேட்பதில்லை, முயன்றாலே குற்றம். இரண்டுக்கும் தண்டனை வெளியேற்றம்.

வெளியேற்றத்துக்கு அட்டை என்னும் அடையாளம் வந்த வரலாறும் ஒரு கைகலப்பிலிருந்தே தொடங்குகிறது எனலாம். 1962ஆம் ஆண்டு சந்தியாகோ நகரில் சிலி, இத்தாலி அணிகள் உலகக் கோப்பையில் மோதின. ஆட்டம் என்று அதனைச் சொல்வதே பிழை. இத்தாலியர் இருவர் வெளியேற்றப்பட்டனர். எல்லார் கண்ணுக்கும் தெரியக் குத்துவிட்ட சிலி நாட்டவர் ஒருவர் கடைசிவரை ஆடினார். நடுவராக இருந்தவர் கென் ஆஸ்டன் என்னும் ஆங்கிலேயர். நான்காண்டு கழித்து, 1966இல், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அர்ஜென்டினாத் தலைவரை ஜெர்மானிய நடுவர் வெளியேறச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல் ஆட்டம் பல நிமிடம் நின்றது. அதன்பின் லண்டன் போக்குவரத்து விளக்கின் மஞ்சளையும் சிவப்பையும் கண்டு ஆஸ்டனுக்குத் தோன்றியதே அட்டை. 1970 மெக்சிகோப் போட்டியில் அது நடைமுறைக்கு வந்தது. எங்கள் எல்லைப் பகுதியில் நடுவருக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. இரண்டு மொழியிலும் வசை அவருக்கு விளங்கும்.

ஆனால் அட்டை அன்றைய ஆட்டத்தைத்தான் காக்கிறது. அதற்குப் பின் என்ன என்பதே கேள்வி. பெரிய போட்டிகளில் அதற்கு விடை உண்டு. ஃபிஃபாவின் ஒழுங்கு விதித்தொகுப்பின்படி எதிராளியைக் குத்துவது, உதைப்பது, முழங்கையால் இடிப்பது, கடிப்பது, உமிழ்வது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று ஆட்டத் தடை, அல்லது தக்க காலத் தடை. நடுவரைத் தாக்கினால் குறைந்தது பதினைந்து ஆட்டம். நடுவர் பார்க்கவில்லை என்பதும் தப்பும் வழியன்று. 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் காலிறுதியில் இத்தாலியின் தசோட்டி, ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கேயின் முகத்தை முழங்கையால் இடித்து மூக்கை உடைத்தார். நடுவர் காணவில்லை. படச்சுருள் கண்டது, எட்டு ஆட்டத் தடை கிடைத்தது.

ஆட்டக் கணக்கில் விதிக்கும் தடைக்கு ஒரு குறை உண்டு. 2006ஆம் ஆண்டு பெர்லின் இறுதியாட்டத்தில் சிடான், மட்டெராட்சியின் மார்பில் தலையால் மோதியதை உலகமே கண்டது. அவருக்கு விதித்தது மூன்று ஆட்டத் தடை. அவரோ அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெறப்போவதாக முன்பே அறிவித்திருந்தார். இல்லாத ஆட்டத்துக்குத் தடை விதித்து என்ன பயன்? அதனால் அவர் மூன்று நாள் சிறுவர்களோடு சமூகப் பணி செய்ய ஒப்புக்கொண்டார். இன்னொரு பக்கம் உருகுவே நாட்டு சுவாரஸைப் பாருங்கள். எதிராளியைக் கடித்ததற்காக 2010இல் ஹாலந்தில் ஏழு ஆட்டமும் 2013இல் இங்கிலாந்தில் பத்து ஆட்டமும் தடை பெற்றவர் அவர். 2014 உலகக் கோப்பையில் மூன்றாம் முறை கடித்தார். இம்முறை ஒன்பது சர்வதேச ஆட்டங்களோடு, நான்கு மாதம் கால்பந்துத் தொழிலிலேயே ஈடுபடக் கூடாது என்று ஃபிஃபா தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் பயிற்சி செய்ய இசைவு கிடைத்தது. அந்த இடைவெளியில் லிவர்ப்பூல் சங்கம் அவரை பார்சிலோனாவுக்கு விற்றது. சங்கம் மாறியது, நாடு மாறியது, தடை மாறவில்லை. அக்டோபர் பிற்பகுதிவரை புதுச் சங்கத்தின் அதிகாரபூர்வ ஆட்டங்களை அவர் வெளியிலிருந்தே பார்த்தார்.

தண்டனை ஆட்டத்தோடு நிற்காமல் ஆட்டக்காரனைப் பின்தொடர வேண்டும் என்பதற்கு இதனைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. எங்கள் தடுப்பாட்டக்காரனுக்குக் களியக்காவிளையைத் தாண்டியதும் குற்றம் கழிந்துவிட்டது. காரணம் இதுதான். கேரளத்துக்கு ஒரு கால்பந்துச் சங்கம், தமிழ்நாட்டுக்கு ஒரு சங்கம், இரண்டுக்கும் மேலே 1937இல் தோன்றிய அகில இந்தியக் கூட்டமைப்பு என்று அமைப்புகள் இருக்கின்றன. கூட்டமைப்பு ஆட்டக்காரர்களைக் கணினியில் பதிவு செய்தும் வைக்கிறது. ஆனால் கோயில் திருவிழாவுக்கும் பங்குத் திருவிழாவுக்கும் வாசகசாலை ஆண்டுவிழாவுக்கும் ஊரார் நடத்தும் பந்தயங்களில் பெரும்பாலானவை அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நடக்கின்றன. மும்பைத் தாராவியிலோ பெங்களூரிலோ நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நடத்தும் பந்தயமும் அவ்வாறே இருக்கலாம்.

களத்தில் இருவர் மோதல் எங்கே கொண்டுபோய்விடும் என்பதைக் கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் அறிவார்கள். 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடின. ஒருவர் முரட்டுத்தனமாகத் தாக்க, மற்றவர் பதிலுக்குத் தாக்க, இருவரும் வெளியேற்றப்பட்டனர். தீ பார்வையாளர் படிக்கட்டுகளில் பற்றியது. கல்லெறியிலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டார்கள். இருதரப்பு ரசிகர்களையும் அடுத்தடுத்து அமர்த்தியது போன்ற பிற காரணங்களும் இருந்தன. எனினும் பொறி களத்தில் எழுந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் அந்நகரில் இரத்ததானம் நடைபெறுவது வழக்கமாயிற்று.

இனி, தண்டனையின் அளவு. அடிபட்டவன் எத்தனை மாதம் ஆட முடியாதோ அத்தனை மாதம் அடித்தவனும் ஆடக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். கேட்பதற்கு இனிய நியாயம். அந்த நெசவாளர் வீட்டிலிருந்து திரும்பியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. மைக்கேல் சூசைராஜைக் குறிப்பிட்டேன் அல்லவா? 2020ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், லீக்கின் முதல் ஆட்டத்தில், முதல் கால் மணி நேரத்துக்குள் பந்துக்கான போட்டியில் அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. அங்கே வன்மம் இல்லை. வன்மம் இல்லாத இடத்தில் ஒரு பருவமே பாழாகலாம்; வன்மத்தோடு குதித்த பூட்ஸ் அரை அங்குலம் தவறி மண்ணில் பதிந்து, விழுந்தவன் சிராய்ப்பும் இல்லாமல் எழுந்து ஓடலாம். எலும்பின் விதியை வைத்து நெஞ்சின் குற்றத்தை அளக்க முடியாது. ஆதலால் தடையைச் செயலைக் கொண்டு அளக்க வேண்டும். இழப்பீட்டையோ காயத்தைக் கொண்டு அளக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனால்தான் நம் பஞ்சாயத்துகளில், மருத்துவச் செலவைக் கொடுத்தவன் குற்றம் கழுவப்பட்டவனாகவும், காயம் ஆறியதும் வழக்கே இல்லாததாகவும் ஆகிவிடுகிறது.

இகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல். “பாண்டி” என்று கேட்டவனின் நெஞ்சு எரியும் என்பதை நான் மறுக்கவில்லை. என் நெஞ்சும் எரிந்தது. மட்டெராட்சியும் தண்டனைக்குத் தப்பவில்லை. சொல்லுக்காக அவர் இரண்டு ஆட்டம் வெளியே இருந்தார். இனத்தையோ நிறத்தையோ பிறந்த நாட்டையோ சொல்லி இகழ்ந்தால் குறைந்தது பத்து ஆட்டம் என்று ஃபிஃபா விதி கூறுகிறது. நுட்பமாகக் கவனித்தால், குத்துக்கு விதித்த மூன்றைவிட இது பெரிது. எனவே அன்று நான் செய்திருக்க வேண்டியது, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அந்தச் சொல்லை நடுவரின் அறிக்கையில் ஏற்றுவது. நான் அதனைச் செய்யவில்லை. செய்திருந்தால் எங்கள் ஆளின் கால் தானாக நின்றிருக்குமோ என்னவோ. ஆனால் அவனுக்குக் கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் இருந்திருக்கும்.

ஆட்டத்தில் நடந்தது ஆட்டத்தோடு போகட்டும், காவல் நிலையம் எதற்கு என்பார்கள். சட்டம் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே சிந்தித்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 87ஆவது பிரிவு, வாள்விளையாட்டு ஆட உடன்பட்ட இருவரை உதாரணம் காட்டியது. முறையாக ஆடும்போது ஒருவன் மற்றவனைக் காயப்படுத்தினால் குற்றமில்லை; ஏனெனில் அத்தகைய காயத்துக்கு இருவரும் முன்பே இசைந்தவர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 25ஆவது பிரிவாக அது தொடர்கிறது. முறையாக ஆடும்போது என்னும் சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே கிடப்பவன் தன் காலின்மேல் குதிக்க யாருக்கும் இசைவு தரவில்லை. ஸ்காட்லாந்தில் டங்கன் ஃபெர்குசன் என்னும் ஆட்டக்காரர் 1994இல் எதிராளியைத் தலையால் இடித்தார். நடுவர் அட்டைகூடக் காட்டவில்லை. நீதிமன்றம் மறு ஆண்டில் மூன்று மாதச் சிறை விதித்தது. நாற்பத்து நான்கு நாள் சிறையில் இருந்தார். அவர்மீது முன்பே பிற வழக்குகளில் தீர்ப்புகள் இருந்ததும் உண்மை. ஒவ்வொரு தள்ளுமுள்ளுக்கும் காவல் நிலையம் செல்லச் சொல்லவில்லை. எலும்பு முறிந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். பந்தயக் குழு அதனைச் சாத்தக் கூடாது.

ஊர்ப் பந்தயங்களில் செய்யக்கூடியவை சில. தடையை ஆட்டக் கணக்கில் அன்றி மாதக் கணக்கில் விதியுங்கள். ஆட்டக் கணக்கு என்றால் பெயரளவில் இரண்டு சிற்றாட்டம் ஏற்பாடு செய்து கணக்கை முடித்துவிடுவார்கள். இந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். அந்த மாதங்களும் ஆடும் பருவத்து மாதங்களாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் நாடு. திடலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் கழியும் தடை தடையே அன்று. காயம் விளையாத குத்துக்கு மூன்று மாதம், விழுந்தவனை மிதித்தால் ஓராண்டு என்பது என் கருத்து. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பாதி போதும். ஆனால் மற்றப் பாதியில் அவன் திடலுக்கு வந்து கோடு போடவும் வலை கட்டவும் வேண்டும். ஆயுள் தடை வேண்டா. பத்தொன்பது வயதில் செய்த ஒன்றுக்காக ஒருவனை நாற்பது வயது வரை கயிற்றுக்கு வெளியே நிறுத்தினால், அவன் கயிற்றுக்கு வெளியிலிருந்து கல்லெறியக் கற்றுக்கொள்வான்.

தீர்ப்பு அன்று மாலை திடலிலேயே வேண்டா. கூட்டம் கலையாத இடத்தில் நடுவர் எழுதும் அறிக்கை நடுவருடையதன்று, கூட்டத்தினுடையது. மூன்று நாளுக்குள், இரு சங்கத்தையும் சேராத மூவர், நடுவரின் எழுத்தையும் இப்போது எல்லார் கையிலும் இருக்கும் கைப்பேசிப் படத்தையும் பார்த்து, குற்றம் சாட்டப்பட்டவனையும் கேட்டு முடிவு செய்யட்டும். முடிவை அக்கம்பக்கத்துப் பந்தயக் குழுக்கள் அனைத்துக்கும் அனுப்பிவிட வேண்டும். பாறசாலையில் எழுதிய பெயர் அன்றிரவே களியக்காவிளையிலும் கொல்லங்கோட்டிலும் பொழியூரிலும் தெரிந்துவிட்டால் அடுத்த ஞாயிறு அவனுக்குச் சட்டை கொடுக்க எந்தச் செயலாளருக்கும் துணிவு வராது. எனக்கும் வந்திராது.

இழப்பீட்டுக்கு வழி எளிது. நுழைவுக் கட்டணத்தோடு ஒவ்வொரு சங்கத்திடமும் ஒரு முன்பணம் வாங்கி வையுங்கள். வன்முறையால் யாருக்கும் காயம் இல்லையெனில் திருப்பிக் கொடுங்கள். காயம் உண்டெனில் மருத்துவச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் முதலில் அதிலிருந்து கொடுங்கள். அந்த நெசவாளர் குடும்பத்துக்கு எங்கள் சங்கம் வசூல் செய்து கொடுத்த தொகை, இரண்டு மாத நூல் கடனுக்கும் போதவில்லை. பிள்ளை பின்னர்த் தறிக்குத் திரும்பினான். களத்துக்குத் திரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பாலராமபுரத்துக் கடைத்தெருவில் அவனைக் கண்டேன்; நடையில் சற்றே சாய்வு தெரிந்தது. பந்தயங்கள் இப்போதும் நடக்கின்றனவா என்று கேட்டான். நடக்கின்றன என்றேன். யார் யார் ஆடுகிறார்கள் என்று விசாரித்தான்.

இந்தப் பருவத்தில் பந்தயம் நடத்தப்போகும் தமிழ்ச் சங்கத்தார் நுழைவுப் படிவத்தின் கடைசியில் இதனைச் சேர்த்துக்கொள்ளலாம்: “எங்கள் ஆட்டக்காரர் பந்தில்லாத இடத்தில் எவரையேனும் தாக்கினால், குழு விதிக்கும் காலம் முடியும்வரை அவரை எவ்வூரிலும் எப்பந்தயத்திலும் ஆட விடமாட்டோம், காயமுற்றவரின் செலவை எங்கள் முன்பணத்திலிருந்து எடுத்துக்கொள்ள இசைகிறோம்.” அதன்கீழே செயலாளர் கையெழுத்துப் போட ஒரு கோடு வேண்டும்.